நரகத்தைக் காட்டித்தான் இயேசுவைச் சொல்ல வேண்டுமா?

தூத்துக்குடி மாவட்டத்தின் ஒரு சிற்றூரிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வயது 34, பி.எட். முடித்தவர். தினமும் மாலை ஐந்தரை மணிக்குத் தெருப்பிள்ளைகளை வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து இலவசமாகப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார். பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இந்துக் குடும்பத்தினர். பாடம் முடிந்ததும் சுண்டல், ஒரு பாட்டு, ஒரு வேதாகமக் கதை. செலவை அவருடைய சபை பார்த்துக்கொள்கிறது. கோடை விடுமுறையில் சபையிலிருந்து படஅட்டைகள் வந்தன. அதில் கடைசி அட்டை அக்கினிக் கடல். அதைக் காட்டி, "இயேசுவை ஏத்துக்காதவங்க எல்லாரும் இங்கதான் போவாங்க" என்று சொல்லியிருக்கிறார். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அன்று இரவு தூங்கவில்லை. அம்மாவின் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, "நீ கோயிலுக்குப் போறல்லம்மா, நீ எரிஞ்சு போயிருவியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். மூன்றாம் நாள் அந்தத் தாய் வாசலில் வந்து நின்று, "அக்கா, உங்கள நம்பித்தான புள்ளைய அனுப்புனேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். சிறுமி அதற்கப்புறம் வரவில்லை. இன்னும் நாலு பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. கணவனை இழந்த பக்கத்துத் தெருப் பெண்ணுக்கு இவர் மாதம் பத்துக் கிலோ அரிசி கொடுக்கிறார். சில மாதங்களாக அந்தப் பெண் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறார். "அரிசிக்காக வர்றாங்களா, ஆண்டவருக்காக வர்றாங்களா, எனக்குத் தெரியலை" என்கிறார் சகோதரி. போதகரோ மாதாமாதம் ஒரு தாளில் எத்தனை பேருக்குச் சுவிசேஷம் சொன்னீர்கள், எத்தனை பேர் இயேசுவுக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தார்கள் என்று எழுதித் தரச் சொல்கிறார். சொல்லாமல் விட்டால் அவர்கள் இரத்தப்பழி உங்கள் கையில் என்று எசேக்கியேல் வசனத்தையும் காட்டியிருக்கிறார். கணவர் இதற்கு நேர் எதிர்: "நல்லது செய், வாயைத் திறக்காதே. ஒருநாள் கேஸாகிவிடும்." மௌனமாக இருந்தால் ஆண்டவருக்குத் துரோகம், பேசினால் பிள்ளைகளுக்குப் பாதகம், நான் என்ன செய்ய என்பதுதான் அவர் கேள்வி.

சகோதரி, உங்கள் கடிதத்தை ஒரு மனநல ஆலோசகராகவும், உங்களைப் போலவே சபையில் வளர்ந்த ஒருத்தியாகவும் படித்தேன். நரகம் பற்றிய உபதேசம் சரியா தவறா என்பதை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை. எட்டு வயதுப் பிள்ளையிடம் அதை இப்படிச் சொல்லலாமா, பசித்த வீட்டுக்கு அரிசியை எப்படிக் கொடுப்பது, போதகரிடம் என்ன பேசுவது என்பவற்றில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. அதைச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் குழந்தை

எட்டு வயதில் பிள்ளைகள் கேட்டதைக் கேட்டபடியே எடுத்துக்கொள்வார்கள். உருவகம், உவமை என்று பிரித்துப் பார்க்கும் வயது இன்னும் வரவில்லை. நீங்கள் காட்டியது உங்களுக்கு உபதேசம். அவளுக்கோ அது அம்மா நெருப்பில் நிற்கிற படம். அந்த வயதில் ஒரு பிள்ளைக்கு இருக்கக்கூடிய மிகப் பெரிய பயமே தாயைப் பிரிவதுதான். அட்டை நேராக அந்த இடத்தைத்தான் தொட்டிருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அன்று "இயேசுவை யார் யார் ஏத்துக்கிறீங்க?" என்று கேட்டதும் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்கினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தீர்மானம் என்று எண்ணாதீர்கள். பயந்த பிள்ளை, பயம் நிற்க எது வழியோ அதைச் செய்யும். நீங்கள் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அன்று கை உயர்ந்திருக்கும்.

என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்த பெரியவர்களும் உண்டு. நள்ளிரவில் விழித்து, பக்கத்துக் கட்டிலில் ஆள் இல்லாவிட்டால், ஆண்டவருடைய இரண்டாம் வருகை நடந்து, மற்றவர்களை அவர் எடுத்துக்கொண்டுபோக, தான் மட்டும் கைவிடப்பட்டோமோ என்று வியர்த்துப்போகிறவர்கள். நாற்பது வயதிலும் அது போகவில்லை. அவர்களில் பலர் ஜெபம் செய்கிறார்கள், காணிக்கை போடுகிறார்கள். ஆனால் கடவுளை நேசிக்கிறீர்களா என்று கேட்டால் நெடுநேரம் பேசாமல் இருப்பார்கள். 'அன்பிலே பயமில்லை, பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்' என்று யோவான் எழுதியதை அவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள், ஆனால் அனுபவித்ததில்லை. பயம் ஆளைச் சபைக்குள் கொண்டுவந்து உட்காரவைக்கும். நேசிக்க வைக்க அதனால் முடியாது.

இப்போது செய்ய வேண்டியது இது. சபை ஆட்கள் யாரையும் கூட்டாமல், பழமோ இனிப்போ எடுக்காமல், பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரமாகப் பார்த்து அந்தத் தாயிடம் போங்கள். "அன்னைக்கு நான் பிள்ளைகிட்ட அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா. உங்களைக் கேக்காம அந்தப் படத்தைக் காட்டினதும் தப்பு. மன்னிச்சிருங்க." இவ்வளவு போதும். 'நல்லதுக்குத்தான் சொன்னேன்' என்று தொடங்கவே தொடங்காதீர்கள். அது மன்னிப்பைத் திருப்பி எடுத்துக்கொள்வதுபோல. பிள்ளையிடம் நான் ஒரு வார்த்தை பேசட்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அது அவர் உரிமை. சரி என்றால், அம்மா மடியில் பிள்ளை இருக்கும்போதே சொல்லுங்கள்: "மிஸ் உன்னைப் பயமுறுத்திட்டேன், அது தப்பு. உங்க அம்மாவைக் கடவுளுக்கு ரொம்பப் பிடிக்கும்." உங்கள் விசுவாசத்தின்படியே இது முழு உண்மை, அதனால் தயங்க வேண்டாம்.

இப்படிப்பட்ட பயம் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியும். ஒரு மாதத்துக்கு மேலும் தூக்கம் கெட்டால், படுக்கையில் சிறுநீர் போனால், பள்ளிக்கூடம் போக மறுத்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசி யோசனை கேட்கலாம், கட்டணம் இல்லை. இதையும் தாயிடம் தகவலாகச் சொல்லுங்கள். நீங்களே கூட்டிக்கொண்டு அலைய வேண்டாம்.

'இரத்தப்பழி' என்ற பாரம்

போதகர் காட்டிய வசனம் எசேக்கியேல் 3:18. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பதும் அதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று வசனம் மேலே போய்ப் படித்துப் பாருங்கள். சிறைப்பட்டுப்போன ஜனங்கள் கேபார் நதியோரம் தெலாபீபில் குடியிருக்கிறார்கள். எசேக்கியேல் அங்கே போகிறார். போனதும் பேசவில்லை. ஏழு நாள் அவர்கள் நடுவிலே பிரமித்தவராய்த் தங்கியிருக்கிறார். அந்த ஏழு நாள் முடிந்த பிறகே உன்னைக் காவலாளனாக வைத்தேன், நீ எச்சரிக்காவிட்டால் இரத்தப்பழி உன் கையில் என்ற அந்த வார்த்தை அவருக்கு வருகிறது. அதுவும் இஸ்ரவேல் வம்சத்தாருக்கு, அவருடைய சொந்த ஜனத்துக்கு. தங்கள் வேதத்தை அறிந்தும் மீறியவர்களுக்கு. தீப்பெட்டி ஆலைக்குப் போய் உழைத்துப் பிள்ளையைப் படிக்கவைக்கிற உங்கள் அண்டைவீட்டுப் பெண்ணை அந்த வசனத்தின் 'துன்மார்க்கன்' இடத்தில் வைக்க உங்களுக்கு மனம் வருமா?

வேதத்தை அறியாத ஜனத்திடம் பேசியதற்கும் புதிய ஏற்பாட்டில் உதாரணம் இருக்கிறது. லீஸ்திரா என்ற ஊரில் பவுலும் பர்னபாவும் எடுத்துக்காட்டியது மழை. கடவுள் நன்மை செய்துவந்து, மழையையும் செழிப்பான காலங்களையும் தந்து, ஆகாரத்தினாலும் சந்தோஷத்தினாலும் நம் இருதயங்களை நிரப்பினார் என்றுதான் பேசினார்கள் (அப்போஸ்தலர் 14). அக்கினியைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை இல்லை. அப்புறம், மத்தேயு 25இல் இயேசு நித்திய அக்கினியைப் பற்றிப் பேசுவது யாரைப் பார்த்து? பசித்தவனுக்குச் சோறு போடாதவர்களையும், வியாதிக்காரனைப் பார்க்கப் போகாதவர்களையும் பார்த்து. அந்தப் பகுதியை நாம் நமக்கு வாசித்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் ஒருவருடைய இரட்சிப்புக்கு முழுப் பொறுப்பாளி இல்லை, சகோதரி. அந்தப் பொறுப்பை உங்கள் தலையில் ஏற்றியது சபையின் பழக்கம். சுமக்க முடியாததைச் சுமக்கிறவர்கள்தான் அவசரப்பட்டு அடுத்தவர் பிள்ளையிடம் அக்கினிப் படத்தைக் காட்டிவிடுகிறார்கள்.

அரிசி, ஜெபக்கூட்டம்

உங்கள் பகுதிக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1876 முதல் 1878 வரையிலான பெரும் பஞ்சத்தின்போது திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள். 'கஞ்சிக்கு மாறினவர்கள்' என்ற ஏச்சு அப்போதே எழுந்தது. அந்த ஏச்சைத் தாங்கியது, கொடுத்தவர்களைவிட வாங்கியவர்களும் அவர்கள் பேரப்பிள்ளைகளும்தான். நீங்கள் அரிசி கொடுக்கிற பெண்ணுக்கும் தெருவில் அதே பேச்சு வரும், வந்தும் இருக்கலாம். ஆகவே இது உங்கள் மனசாட்சி சம்பந்தப்பட்டது மட்டுமல்ல, அவருடைய மானமும் இதில் இருக்கிறது.

உலகத் திருச்சபைகள் இதைப் பற்றிக் கூடிப் பேசி எழுதியே வைத்திருக்கின்றன. 2011இல் வத்திக்கானின் பல்சமய உரையாடல் அவையும், உலகத் திருச்சபைகள் மன்றமும், உலக இவாஞ்சலிக்கல் கூட்டமைப்பும் சேர்ந்து கிறிஸ்தவச் சாட்சி பற்றி ஓர் ஆவணம் வெளியிட்டன. கத்தோலிக்கரும், சி.எஸ்.ஐ. போன்ற பழைய சபையினரும், பெந்தெகொஸ்தேயினர் பலரும் இந்த மூன்றுக்குள் வந்துவிடுவார்கள். வறுமையையும் தேவையையும் பயன்படுத்திக்கொள்வதற்குக் கிறிஸ்தவப் பணியில் இடமில்லை, பணம் பொருள் காட்டி இழுப்பது கூடாது என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. நீங்கள் போதகரிடம் பேசும்போது, இது என் சொந்தத் தயக்கம் இல்லை, திருச்சபைகளே ஒப்புக்கொண்ட ஒழுங்கு என்று சொல்லலாம்.

அதற்காக அரிசியை நிறுத்திவிடாதீர்கள். கொடுக்கிற விதத்தை மாற்றுங்கள். வெள்ளிக்கிழமைக்கும் அரிசிக்கும் சம்பந்தமே இல்லாதபடி, மாதத்தின் முதல் திங்களோ செவ்வாயோ அவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேருங்கள். முக்கியமாக, வாய்விட்டுச் சொல்லுங்கள்: "அக்கா, நீங்க கூட்டத்துக்கு வந்தாலும் வராட்டாலும் அரிசி வரும்." நீங்கள் மனதில் அப்படி நினைப்பது போதாது. வாங்குகிற கைக்கு அது தெரியாது. வறுமையில் இருப்பவர்கள், கொடுப்பவர் முகத்தை எப்போதும் படித்துக்கொண்டே இருப்பார்கள். அதன் பிறகு அவர் ஜெபக்கூட்டத்துக்கு வராமல் போகலாம். அப்போதும் அரிசி போக வேண்டும், போகிற உங்கள் முகமும் மாறக் கூடாது. பத்துக் குஷ்டரோகிகள் குணமானார்கள், திரும்பி வந்தவன் ஒருவன். மற்ற ஒன்பது பேருக்கும் நோய் திரும்பியதாக லூக்கா எழுதவில்லை.

இன்னும் ஒரு படி மேலே போங்கள். ஆதரவற்ற விதவைகளுக்கான அரசு உதவித்தொகைக்கு அவர் மனுப் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் இ-சேவை மையத்துக்குக் கூடப் போய், கணவரின் இறப்புச் சான்று, ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் சரிபார்த்து விண்ணப்பிக்க உதவுங்கள். தாலுகா அலுவலகத்தில் இரண்டு முறை நிற்க வேண்டிவரும், நில்லுங்கள். உங்களை நம்பி வாழ வேண்டிய நிலை அவருக்கு எவ்வளவு குறைகிறதோ, அவர் ஜெபக்கூட்டத்துக்கு வருவதும் வராததும் அவ்வளவு சுதந்திரமாக இருக்கும். நீங்கள் தெரிந்துகொள்ள ஆசைப்படும் விடையும் அப்போதுதான் உங்களுக்குக் கிடைக்கும்.

எதிர்பார்ப்பில்லாத தர்மம் சாட்சியாகாது என்று பயப்படாதீர்கள். ரோமப் பேரரசன் ஜூலியன் கிறிஸ்தவத்தை ஒதுக்கிப் பழைய வழிபாட்டை மீட்கப் பாடுபட்டவன். அவன் கி.பி. 362 வாக்கில் கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவன் அப்படித்தான் அழைத்தான்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார்களே என்று புலம்புகிறான். எதிரி எழுதிக்கொடுத்த சாட்சி அது. நம் பக்கத்திலும், 1900இல் ஐடா ஸ்கடர் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை இன்று எப்படி நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். பாளையங்கோட்டையில் ஆனி ஆஸ்க்வித் பார்வையற்றவர்களுக்கும், பிளாரன்ஸ் சுவைன்சன் காது கேளாதவர்களுக்கும் பள்ளிகள் தொடங்கினார்கள். சாதி, மதம் பாராமல் மூன்று தலைமுறை அங்கே படித்து வந்திருக்கிறது. உங்கள் ஊர்ப் பெண்கள் உலை வைக்கும்போது ஒதுக்கிவைக்கிற பிடி அரிசியும், எல்லாச் சாதிக்காரரும் வந்து பந்தியில் உட்காருகிற அசன விருந்தும் இதே வழிதான்.

கணவர் சொல்வதில் சரியும் தவறும்

உங்கள் கணவர் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வாசகத்தைக் காட்டினார் என்று எழுதியிருந்தீர்கள்: 'எப்போதும் நற்செய்தி அறிவியுங்கள், தேவைப்பட்டால் மட்டும் சொற்களைப் பயன்படுத்துங்கள்.' புனித பிரான்சிஸ் சொன்னதாக அது சுற்றுகிறது. அவருடைய எழுத்துகளில் அது இல்லை. அவர் எழுதியது இன்னும் பயனுள்ளது. சிலுவைப்போர் நடந்துகொண்டிருந்த 1219இல் அவர் எகிப்தில் சுல்தான் அல்காமிலை நேரில் சந்தித்தார். இரண்டு ஆண்டுக்குப் பின், 1221இல் எழுதிய துறவற ஒழுங்கில், இஸ்லாமியர் நடுவே போகிற சகோதரர்களுக்கு இரண்டு வழிகள் சொல்கிறார். ஒன்று, வாக்குவாதமோ சண்டையோ இல்லாமல், எல்லாருக்கும் பணிந்து, நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதை மறைக்காமல் வாழ்வது. மற்றொன்று, கடவுளுக்குச் சித்தம் என்று கண்டால் வார்த்தையை அறிவிப்பது. வாயை மூடிக்கொள் என்று அவர் சொல்லவில்லை. வாழ்ந்து காட்டுவதை முதலில் வைத்தார். பேதுருவும் அப்படித்தான் சொல்கிறார்: உங்கள் நம்பிக்கையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள். கேள்வி அவர்களிடமிருந்து வரட்டும். "நீங்க ஏன்க்கா எங்களுக்காக இவ்வளவு செய்றீங்க?" என்று ஒருநாள் யாராவது கேட்டால், கூச்சப்படாமல் இயேசுவின் பெயரைச் சொல்லுங்கள்.

சட்டத்தைப் பற்றி அவருக்கிருக்கும் பயத்துக்குச் சுருக்கமாக. அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு உங்கள் மதத்தைக் கடைப்பிடிக்கவும் எடுத்துச் சொல்லவும் உரிமை தருகிறது. அந்த உரிமைக்குள் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. ஆனால் வேறு பல மாநிலங்களில் இப்படிப்பட்ட சட்டங்கள் உண்டு. ஒடிசாவின் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'வற்புறுத்தல்' என்பதற்குத் தந்த விளக்கத்திலேயே, தெய்வக் கோபம் வரும் என்று மிரட்டுவதும் சேர்ந்திருக்கிறது. ஆகவே ஏழைக்கு அரிசி கொடுப்பதும் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதும் குற்றமில்லை என்று கணவரிடம் சொல்லுங்கள். அதை நிபந்தனையோடும் மிரட்டலோடும் சேர்த்துவிடுவதுதான் சிக்கல். போலீஸ் வரை யாராவது போனால், சபையில் யோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

போதகரும் அந்தத் தாளும்

போதகரைத் தனியாகச் சந்தியுங்கள். கூட்டத்தில் எழுந்து பேசினால் அவர் தன் மரியாதையைக் காக்கத்தான் பார்ப்பார். நடந்ததை அப்படியே சொல்லுங்கள்: பிள்ளையின் கேள்வி, தாய் வாசலில் நின்று சொன்ன வார்த்தை. நான் அறிந்தவரை பல போதகர்கள் இதைக் கேட்டால் கலங்கிப்போவார்கள். அவர்களிடம் யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். பட அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாதத் தாளில் ஒப்புக்கொடுத்தவர்கள் என்ற கட்டத்தைக் காலியாக விடப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். எண்ணிக்கை கேட்கப்படும் இடத்தில் நாம் அறியாமலே மனிதரை அவசரப்படுத்துவோம். அன்றைக்கு அந்தக் கடைசி அட்டையை நீங்கள் எடுத்ததில் இந்தத் தாளுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

அவர் கோபப்படலாம், சுண்டலுக்கான பணத்தை நிறுத்தலாம். அதற்கும் தயாராக இருங்கள். பாடத்தை நிறுத்த வேண்டியதில்லை. பதினைந்து பிள்ளைகளுக்குச் சுண்டல் என்றால் தினம் அரைக் கிலோ கொண்டைக்கடலை தாராளம். இரண்டு மூன்று வீட்டில் முறை வைத்துக்கொண்டால் நடந்துவிடும். உங்கள் சபைக்கு வெளியே, பிள்ளைகளின் தாய்மாரிலேயே ஒருவர் முன்வந்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாடத்தை மறுபடி தொடங்குமுன் பெற்றோர் எல்லாரையும் ஒருமுறை கூப்பிட்டுப் பேசுங்கள். நீங்கள் யார், ஏன் இதைச் செய்கிறீர்கள் என்பதை மறைக்க வேண்டாம். வார நாட்களில் பாடம் மட்டும். வேதாகமக் கதை தனியாக ஒரு நாள், விருப்பமுள்ள பெற்றோர் அனுப்பினால் போதும் என்று பிரித்துவிடுங்கள். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளிலேயே, சிறுவர்களைச் சமய போதனையில் சேர்க்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவு. உங்கள் திண்ணைக்கும் அதே ஒழுங்கை நீங்களாக வைத்துக்கொள்வது நல்லது. கதைக்கு வராத பிள்ளைக்கும் அதே சுண்டல், அதே கவனம். பெற்றோர் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை மாலையில் வையுங்கள், ஆலைக்குப் போகிற தாய்மார் அன்றுதான் வீட்டில் இருப்பார்கள். அந்தச் சிறுமியின் அம்மாவுக்கு மட்டும் ஆள் விட்டுச் சொல்லாமல், நீங்களே போய்ச் சொல்லுங்கள்.